மல்லாக்கப் படுத்தால் திடுக்கிட்டு எழுகிறாள், குப்புறப் படுத்தால் நன்றாகத் தூங்குகிறாள். என்ன செய்வது?

அரைத்தூக்கம்:

மகளுக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது. மல்லாக்கப் படுக்க வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே கையை உதறிக்கொண்டு திடுக்கிட்டு விழித்து அழுகிறாள். போன வாரம் என் மாமியார் அவளைக் குப்புறப் போட்டுத் தட்டிக்கொடுத்தார். அசையாமல் தூங்கினாள். "பார், பிள்ளைக்கு இதுதான் வசதி" என்கிறார். அவர் பெற்ற பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் தூங்கினார்களாம், என் கணவர் உட்பட.

மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லித்தான் மருத்துவமனையில் அனுப்பினார்கள். ஏன் என்று யாரும் விளக்கவில்லை. "டாக்டர் சொன்னார்" என்றால் அத்தை ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். எனக்குக் காரணம் வேண்டும். இன்னொரு பயமும் இருக்கிறது: அடிக்கடி பால் கக்குகிறாள். மல்லாக்கக் கிடந்தால் புரையேறிவிடாதா?

மூன்று பிள்ளைக்காரி:

அந்தத் திடுக்கிடல் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. நாலைந்து மாதத்தில் தானாகப் போய்விடும். அதுவரை மெல்லிய துணியில் கைகளைச் சுற்றி வைத்தால் கொஞ்சம் அடங்கும். இடுப்பும் கால்களும் மடங்கி அசைய இடம் விட்டுச் சுற்றுங்கள், இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டுக்கு ஆகாது. சுற்றிய குழந்தையை மல்லாக்க மட்டும்தான் படுக்க வைக்க வேண்டும். அவள் புரள முயற்சி செய்கிறாள் என்று தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். கை கட்டப்பட்ட நிலையில் குப்புற விழுந்தால் தலையைத் தூக்க வழியே இருக்காது.

இரவுப்பணி:

பச்சிளங்குழந்தைகள் வார்டில் செவிலியாக வேலை பார்க்கிறேன். காரணம் கேட்டது நல்லது, நாங்கள்தான் வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் அதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

உங்கள் அத்தை பார்த்தது உண்மை. குப்புறப் படுத்த குழந்தை அதிக நேரம், அதிக ஆழமாகத் தூங்கும், எளிதில் விழிக்காது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. குப்புறக் கிடக்கும்போது முகம் மெத்தையில் பதிந்தால், தான் விட்ட காற்றையே குழந்தை திரும்ப இழுக்கிறது. அந்தக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிக்கொண்டே போகும், ஆக்சிஜன் குறையும். உடல் சூடும் சரியாக வெளியேறாது. பெரும்பாலான குழந்தைகள் அந்தக் கட்டத்தில் சிணுங்கி, தலையைத் திருப்பி, விழித்து அழுதுவிடும். சில குழந்தைகளுக்கு மூளைத்தண்டில் இருக்க வேண்டிய அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. மணி அடிக்காத குழந்தை எது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பரிசோதனை எதுவும் கிடையாது. பார்க்க எல்லாம் ஆரோக்கியமாக, கொழுகொழு என்றுதான் இருக்கும்.

அப்படிக் குழந்தை தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோவதைத்தான் திடீர் சிசு மரணம் (SIDS) என்கிறார்கள். 1994-ல் ஃபிலியானோ, கின்னி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேரும் விபத்தாக விளக்கினார்கள். ஒன்று, உள்ளே ஏதோ ஒரு பலவீனம் உள்ள குழந்தை. இரண்டு, முதல் ஆறு மாதம் என்கிற நெருக்கடியான வளர்ச்சிக் காலம். மூன்று, குப்புறக் கிடப்பது, முகத்தில் போர்வை, புகை, அதிக உஷ்ணம் மாதிரி வெளியிலிருந்து வரும் அழுத்தம். முதல் இரண்டும் நம் கையில் இல்லை. தூக்கத்தில் நடக்கும் திடீர் மரணங்களில் சுமார் 90 சதவீதம் ஆறு மாதத்துக்குள், அதிலும் ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள்தான் அதிகம். உங்கள் மகள் இப்போது சரியாக அந்த நடுவில் இருக்கிறாள்.

ஆகவே அவள் அடிக்கடி விழிக்கிறாளே என்று வருத்தப்படாதீர்கள். இந்த வயதில் விழிக்கத் தெரிவது அவளுக்கு ஒரு பாதுகாப்பு. களைப்பு உங்களுக்குத்தான், அதற்கு வேறு ஏற்பாடு செய்யலாம், கீழே சொல்கிறேன்.

இப்போது புரையேறும் பயம். உங்கள் தொண்டையைத் தொட்டுப் பாருங்கள்: மூச்சுக்குழாய் முன்னால் இருக்கிறது, உணவுக்குழாய் அதற்குப் பின்னால். மல்லாக்கப் படுத்தால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. எதுக்களித்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமென்றால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடுகிறது, பால் மூச்சுக்குழாயின் வாசலிலேயே வந்து தேங்கும். கக்கும் குழந்தைகளுக்கும் மல்லாக்கப் படுப்பதுதான் பாதுகாப்பு. பால் குடித்ததும் கொஞ்ச நேரம் தோளில் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் விட வைத்துவிட்டுப் படுக்க வையுங்கள். எடை ஏறவில்லை, பச்சையாக வாந்தி எடுக்கிறாள், நீலம் பாய்கிறது என்றால் அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பழைய ஆள்:

நான் நான்கு பேரக்குழந்தைகளைப் பார்த்தவன். எங்கள் காலத்தில் குப்புறப் போடச் சொன்னதே டாக்டர்கள்தான். இப்போது அதே டாக்டர்கள் மாற்றிச் சொல்கிறார்கள். இன்னும் இருபது வருஷம் கழித்து மறுபடி மாற்ற மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? எங்கள் பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மஞ்சள்குடை:

ஐயா, டாக்டர்கள்தான் சொன்னார்கள் என்பது முழு உண்மை. அமெரிக்காவில் பெஞ்சமின் ஸ்போக் என்ற குழந்தை மருத்துவர் 1950களின் நடுவிலிருந்து குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார். கக்கினால் மூச்சு அடைத்துவிடும், ஒரே பக்கம் படுத்துத் தலை தட்டையாகும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஆய்வு எதுவும் செய்து சொன்னதில்லை, கேட்க நியாயமாகப் பட்டது, பல நாடுகளில் பின்பற்றினார்கள்.

இப்போது மாற்றிச் சொல்வது அப்படி ஊகித்து அல்ல. நெதர்லாந்தில் 1970களில் குப்புறப் படுக்க வைக்கும் பழக்கம் பரவியபோது இந்த மரணங்கள் ஏறின. 1987-ல் வேண்டாம் என்று பிரசாரம் செய்தபோது இறங்கின. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் இதே பிரசாரம் நடந்தது. அமெரிக்காவில் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது, பிரிட்டனில் அதைவிட அதிகமாகக் குறைந்தது. மருந்து இல்லை, இயந்திரம் இல்லை, படுக்க வைக்கும் விதம் மாறியது, அவ்வளவுதான்.

2005-ல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் மறுஆய்வுதான் என்னை உலுக்கியது. பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள், 1970-லேயே கிடைத்திருந்த தரவை யாராவது ஒழுங்காகச் சேர்த்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சேர்த்துக் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், சந்தோஷம். குப்புறப் படுத்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருந்தார்கள். அதனால்தான் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தால் இந்த ஆபத்து தெரியவே தெரியாது. லட்சக்கணக்கில் எண்ணினால்தான் தெரியும்.

பழைய ஆள்:

எண்ணிக்கை விவரம் புதிது, படித்தேன். சரி. ஆனால் தலை தட்டையாவதை இப்போதும் பார்க்கிறேனே? பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பின்மண்டை பலகை மாதிரி இருக்கிறது.

இரவுப்பணி:

அது உண்மைதான், மல்லாக்கப் படுக்க வைக்க ஆரம்பித்த பிறகு அது அதிகமானது. தலையணை வைத்து அதைச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. விழித்திருக்கும்போது, யாராவது கூடவே உட்கார்ந்திருக்கும்போது, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே மூன்று நான்கு நிமிடமாக ஆரம்பிக்கலாம். ஏழு வாரம் ஆகும்போது ஒரு நாளில் மொத்தம் 15 முதல் 30 நிமிடம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்கிறது. கழுத்தும் தோளும் வலுவாகும், மண்டைக்கும் ஓய்வு. படுக்க வைக்கும்போது ஒரு நாள் தலையை இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று மாற்றிவிடுங்கள். ஒரே பக்கம் மட்டுமே திரும்புகிறது, கழுத்து விறைப்பாக இருக்கிறது என்றால் காட்டிவிடுங்கள்.

அரைத்தூக்கத்துக்கு ஒரு முக்கியமான விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. எப்போதும் மல்லாக்கத் தூங்கிப் பழகிய குழந்தையை யாரோ ஒருவர் திடீரென்று ஒரு நாள் குப்புறப் போடுவது, தினமும் குப்புறப் படுக்கும் குழந்தையின் ஆபத்தைவிடப் பல மடங்கு அதிகம். பழக்கமில்லாத குழந்தைக்கு முகத்தைத் தூக்கித் திருப்பத் தெரியாது. "இரவில் என் முறை, பகலில் அத்தை முறை" என்ற சமரசம் கேட்க நியாயமாக இருக்கும், இந்த விஷயத்தில் மட்டும் அது கூடாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், பகல் தூக்கத்துக்கும் சேர்த்து.

ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் வேண்டாம். அங்கிருந்து குப்புற விழுவது மிகச் சுலபம்.

அரைத்தூக்கம்:

கையெடுத்துக் கும்பிடுகிறேன். மூச்சுக்குழாய் விஷயத்தை அத்தையின் தொண்டையைத் தொட்டே காட்டப் போகிறேன். அடுத்த கேள்வி, கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இரவு பால் கொடுத்துக்கொண்டே நான் தூங்கிவிடுகிறேன். படுக்கையில் தூங்கிவிடுவேனோ என்று பயந்து இப்போது சோபாவில் உட்கார்ந்து கொடுக்கிறேன்.

மூன்று பிள்ளைக்காரி:

ஐயோ, சோபா வேண்டாம்!

இரவுப்பணி:

அவர் கத்தியது சரிதான். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையோடு தூங்கிவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமானது. பிரிட்டனில் இதற்காகவே இயங்கும் லல்லபி டிரஸ்ட் ஆபத்து 50 மடங்கு வரை கூடும் என்கிறது. மெத்தைக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவில் முகம் புதைந்துவிடும், இடுக்கில் நழுவிவிடும். தூங்கிவிட வாய்ப்பு இருக்கிறது என்று தோன்றினால் சோபாவைவிடப் படுக்கையே மேல். கண்டிப்பான அமெரிக்க அகாடமியின் வழிகாட்டுதலே இதைச் சொல்கிறது. நீங்கள் படுக்கும் பக்கத்தில் தலையணை, போர்வை எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்துவிட்டு உட்காருங்கள். கண் விழித்ததும் குழந்தையை அதன் இடத்தில் மாற்றிவிடுங்கள். எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

களைப்புக்கு ஏற்பாடு என்று சொன்னேனே, அது இதுதான். தூங்க மாட்டேன் என்று சபதம் எடுத்தால் நடக்காது. தூங்கிவிடுவேன் என்று வைத்துக்கொண்டு அறையைத் தயார் செய்யுங்கள். பால் கொடுத்து முடிந்ததும் கணவரை எழுப்பி, ஏப்பம் விடவைத்துப் படுக்க வைப்பது அவர் வேலை என்று முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் எழுப்பத்தான் வேண்டும். பாவம் என்று விடாதீர்கள்.

ஊஞ்சல்மரம்:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மனித இனம் முழுக்கக் குழந்தையை அணைத்துத்தான் தூங்கியிருக்கிறது. பக்கத்தில் இருந்தால்தான் தாய்ப்பால் நன்றாகப் போகும், தாய்க்கும் தூக்கம் கிடைக்கும். தனியாகப் படுக்க வைப்பது கொடுமை. நான் பக்கத்தில் போட்டுத்தான் வளர்க்கிறேன்.

மஞ்சள்குடை:

தாய்ப்பால் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. குறைந்தது இரண்டு மாதம் தாய்ப்பால் கொடுத்தாலே, அது முழுமையாக இல்லாவிட்டாலும், இந்த ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. பக்கத்தில் இருப்பதும் நல்லதுதான். தாயின் அறையிலேயே, கை எட்டும் தூரத்தில், ஆனால் தனிப் பரப்பில் படுக்க வைக்கத்தான் சொல்கிறார்கள், குறைந்தது ஆறு மாதம் வரை. வேறு அறையில் தள்ளிவிடச் சொல்லவில்லையே.

ஒரே படுக்கை என்பதில் நாட்டுக்கு நாடு கருத்து வேறுபாடு இருக்கிறது. அமெரிக்காவில் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். பிரிட்டனில், எப்படியும் பல வீடுகளில் நடக்கிறது, ஆகவே எப்போது கட்டாயம் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுவோம் என்கிறார்கள். எனக்குப் பிரிட்டன்காரர்களின் அணுகுமுறை பிடிக்கிறது, மறைத்துச் செய்வதைவிட மேல். ஆனால் இரண்டு தரப்பும் சேர்ந்து சொல்வது இது: தாயோ தந்தையோ புகைபிடிப்பவர், மது அருந்தியிருக்கிறார், தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், குழந்தை குறைமாதத்தில் பிறந்தது, அல்லது பிறந்த எடை 2.5 கிலோவுக்குக் கீழே என்றால் ஒரே படுக்கை கிடையவே கிடையாது. சளிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் மயக்கம் தரும், மறந்துவிடாதீர்கள்.

ஊஞ்சல்மரம்:

இதில் எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. நான் அப்படியேதான் தொடர்வேன். தலையணையை மட்டும் தள்ளி வைக்கிறேன்.

இரவுப்பணி:

குழந்தைக்கு நான்கு மாதம் ஆகவில்லை என்றால் மறுபடி யோசியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வயதில் வேறு எந்தக் காரணமும் இல்லாமலேயே ஆபத்து கூடுகிறது. உங்கள் போர்வை இடுப்புக்கு மேல் வர வேண்டாம். குழந்தையை இருவருக்கும் நடுவில் போட வேண்டாம். சுவர் ஓர இடுக்கும் வேண்டாம்.

கம்பிவலை:

புது அப்பா. நான் காலில் மாட்டும் சாக்ஸ் மாதிரியான ஒரு கருவி வாங்கலாம் என்று பார்க்கிறேன். இதயத்துடிப்பு, ஆக்சிஜன் எல்லாம் போனில் காட்டுமாம். அது இருந்தால் எப்படிப் படுத்தாலும் கவலையில்லைதானே?

இரட்டையர் அப்பா:

தம்பி, அந்த "தானே" தான் பிரச்சினை. வீட்டில் மாட்டும் இந்தக் கருவிகள் திடீர் மரணத்தைக் குறைத்ததாக எந்த ஆதாரமும் இல்லை. 1970களில், 80களில் மூச்சுநிறுத்தத்தைக் காட்டும் மானிட்டரை வீட்டுக்கு வீடு கொடுத்துப் பார்த்தார்கள், பயன் தெரியவில்லை. எங்கள் இரட்டையர் குறைமாதக்காரர்கள். மருத்துவமனை மானிட்டரின் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. வீட்டில் ஒன்று மாட்டினால் பாதி நேரம் பொய்யாகக் கத்தும், நீங்கள் தூங்க மாட்டீர்கள். கத்தாத நேரத்தில் தைரியம் வந்து மற்றதில் அசட்டையாக இருப்பீர்கள். ஆசையாக இருந்தால் வாங்குங்கள், ஆனால் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுத்தான். அந்தப் பணத்தில் நல்ல கெட்டியான மெத்தை வாங்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்கள் பையன்களைக் குப்புறப் படுக்க வைத்துத்தான் முதலில் வைத்திருந்தார்கள். அங்கே ஒவ்வொரு நொடியும் மானிட்டர் உண்டு, நுரையீரலுக்கு அது உதவுகிறது. வீட்டுக்கு அனுப்பும் முன்பே மல்லாக்கப் பழக்கினார்கள். "மருத்துவமனையிலேயே குப்புறத்தானே போட்டார்கள்" என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள். இரட்டையரை ஒரே தொட்டிலில் போடுவது புகைப்படத்துக்கு மட்டும்தான் அழகு. தனித்தனிப் படுக்கை.

கம்பிவலை:

கெட்டி என்றால் எவ்வளவு கெட்டி? கடையில் கையை வைத்தால் எல்லாமே கெட்டியாகத்தான் தெரிகிறது.

இரட்டையர் அப்பா:

குழந்தையைப் படுக்க வைத்தால் தலை பதிந்த குழி தெரியக் கூடாது. எடுத்தால் வடிவம் அப்படியே மட்டமாக இருக்க வேண்டும். நம் கைக்குப் பலகை மாதிரி இருந்தால் அதுதான் சரியான மெத்தை. தொட்டில் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் அது பொருந்தாத மெத்தை. கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். இறுக்கமாகப் பிடிக்கும் விரிப்பு ஒன்று, குழந்தை ஒன்று. வேறு எதுவும் வேண்டாம். பொம்மை, தலையணை, போர்வை, கம்பியைச் சுற்றிக் கட்டும் பம்பர் எல்லாம் வெளியே. பார்க்க வெறுமையாக, ஏதோ குழந்தையைக் கவனிக்காத வீடு மாதிரி இருக்கும். வருகிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள்.

மூன்று பிள்ளைக்காரி:

குளிருமே என்று உடனே கேட்பார்கள். நாம் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூடுதலாகப் போட்டால் போதும், அல்லது கை நுழைத்துப் போடும் தூக்கப்பை. எடை வைத்துத் தைத்த தூக்கப்பைகள் இப்போது நிறைய விளம்பரத்தில் வருகின்றன, அவை கூடாது. சூடாக இருக்கிறதா என்று பார்க்கக் கையையோ காலையோ தொடாதீர்கள், அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பின்கழுத்தையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம், குழந்தையின் சூடு தலை வழியாகத்தான் நிறைய வெளியேறுகிறது.

சூப்பான் (குழந்தை வாயில் வைத்துச் சப்பும் ரப்பர் காம்பு) பற்றி யாரும் சொல்லவில்லையே? தூங்க வைக்கும்போது கொடுத்தால் ஆபத்து குறைவதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன, ஏன் என்று இன்னும் சரியாகப் புரியவில்லை. தாய்ப்பால் நன்றாகப் பழகிய பிறகு கொடுங்கள். தூக்கத்தில் விழுந்தால் திரும்ப வைக்க வேண்டியதில்லை. கழுத்திலோ சட்டையிலோ கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுத் தூங்க வைக்காதீர்கள்.

கம்பிவலை:

காரில் போனால் எங்கள் பையன் உடனே தூங்கிவிடுகிறான். வீடு வந்ததும் எழுப்ப மனம் வராமல் கார் சீட்டோடு தூக்கி வந்து ஹாலில் வைத்துவிடுகிறோம்.

இரவுப்பணி:

பயணத்தின்போது கார் சீட்தான் அவனுக்குப் பாதுகாப்பு, அதில் சந்தேகமே வேண்டாம். ஓடாத வீட்டுக்குள் அது படுக்கை ஆகாது. சாய்ந்த நிலையில் தலை முன்னால் விழுந்து மோவாய் நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழாய் மெல்லிய குழாய், மடங்கிவிடும். பவுன்சர், ராக்கர், ஊஞ்சல் நாற்காலி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த எதிலும் தூங்க விடக் கூடாது. அமெரிக்காவில் அப்படிச் சாய்ந்த தூக்கப் படுக்கைகளையும் பம்பர்களையும் 2022-ல் சட்டம் போட்டே தடை செய்தார்கள். விற்பனைக்கு இருக்கிறது என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது. வீடு வந்ததும் எடுத்து மட்டமான இடத்தில் போடுங்கள். விழித்தால் விழிக்கட்டும்.

நெறியாளர்:

வீட்டில் புகைபிடிப்பவர்கள் இருந்தால் என்ன செய்வது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருக்கிறார். வெளியே போய்ப் பிடிப்பது உதவும், ஆனால் முழுத் தீர்வு ஆகாது. கர்ப்ப காலத்திலும் பிறகும் புகை என்பது குப்புறப் படுப்பதற்கு இணையாகப் பேசப்படும் காரணம். நிறுத்துவதற்கு மருத்துவரின் உதவியைக் கேட்பது நல்லது.

அரைத்தூக்கம்:

தகவல் சொல்ல வந்தேன். அத்தையை உட்கார வைத்துத் தொண்டை விஷயத்தைச் சொன்னேன். தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள்குடை எழுதியதை என் கணவர் படித்துக் காட்டினார். "அப்போ எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்று கோபப்பட்டார், என்மேல் இல்லை. இப்போது பகலில் மல்லாக்கத்தான் படுக்க வைக்கிறார். விழித்து அழுதால் "இதெல்லாம் உன் ஃபோரம் செய்த வேலை" என்று குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். பரவாயில்லை.

மாலையில் குப்புறப் போட்டு விளையாட வைப்பது அவர் பொறுப்பு, அதில் அவருக்குச் சந்தோஷம்.

பழைய ஆள்:

உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. என் மருமகளிடம் இதைக் காட்டப் போகிறேன், அவள் ஒருக்களித்துப் போடுகிறாள்.

ஒரு சந்தேகம். சின்னப் பேரனுக்கு ஐந்து மாதம் தாண்டிவிட்டது. மல்லாக்கப் போட்டால் தானே குப்புற விழுந்து தூங்குகிறான். ராத்திரி முழுக்கத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க முடியுமா?

இரவுப்பணி:

வேண்டாம் ஐயா. மல்லாக்கிலிருந்து குப்புறவும், குப்புறவிலிருந்து மல்லாக்கவும் இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்துவிட்டது என்றால், படுக்க வைக்கும்போது மட்டும் மல்லாக்கப் போடுங்கள், அதன்பின் அவன் எப்படித் திரும்பினாலும் விட்டுவிடலாம். ஒரு பக்கம் மட்டும்தான் புரளத் தெரியும் என்றால், நீங்கள் பார்க்கும்போது திருப்பிப் போடுங்கள். துணியில் சுற்றுவது இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். படுக்கையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பது ஒரு வயது வரை அப்படியேதான், புரளும் குழந்தைதான் போர்வையைத் தேடிப் போய் முகத்தில் இழுத்துக்கொள்ளும்.